வெள்ளச்சியின் வயிறு: முட்டையா, நீரா, குடலிறக்கமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டில் வளரும் வெள்ளைப் பெட்டைத் தாரா (வாத்து), பெயர் வெள்ளச்சி, வயது மூன்று. இரண்டு வருடம் ஓயாமல் முட்டையிட்டது. இரண்டு மாதமாக முட்டை இல்லை. அதே காலத்தில் வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி, இப்போது நடக்கும்போது நிலத்தில் உரசுகிறது. பென்குவின் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. தீன் எடுக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, ஆனால் நாலடி நடந்ததும் குந்தி விடுகிறது. தராசில் நிறை குறையவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, "முட்டை அடைச்சிருக்கு, விளக்கெண்ணெய் பூசி வயித்தை உருவி விடு" என்கிறார். இன்னொருவர் வெறும் கொழுப்பு என்கிறார். இது என்ன?

தங்கச்சி, முதலில் உருவி விடாதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

நான் மிருக வைத்தியர் இல்லை. கால்நடைத் துறையில் வெளிக்கள வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பலகாமத்து வயல்களுக்குள் தாராக் கூட்டத்தோடு வளர்ந்தவன் என்பதால் அவற்றின் வயிற்றோடு பழக்கம் அதிகம். உருவி விடாதீர்கள் என்று அவசரமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இளம் வயதில் ஒரு தாராவுக்கு முட்டை அடைத்தபோது நானே எண்ணெய் பூசி, அழுத்தி, உருவினேன். முட்டை உள்ளேயே உடைந்தது. கையில் அது உடைவதை உணர்ந்தேன். மூன்றாம் நாள் தாரா செத்துப் போனது. ஓட்டுத்துண்டு உள்ளே கிழித்து, மஞ்சட்கரு கொட்டி, வயிறு முழுக்க அழற்சியாகிவிட்டது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்த வேலை அது.

சரி, வெள்ளச்சிக்கு வருவோம். பக்கத்து வீட்டு அம்மா சொல்வது தவறு என்பதற்கு வயிற்றைத் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை, நாட்காட்டியே போதும். ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளியே வர ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். அது வழியில் இறுகி நின்றால் தாரா அன்றைக்கே காட்டிவிடும்: கூட்டுக்குப் போகும், வரும், மறுபடி போகும், வாலை மேலும் கீழும் ஆட்டி முக்கும், தீனைத் திரும்பியும் பார்க்காது, செட்டையைத் தொங்கவிடும். ஒன்றிரண்டு நாளில் வெளியே வராவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மாதம் ஒரு முட்டையை அடைத்து வைத்துக்கொண்டு மூன்று நேரமும் சாப்பிடுகிற தாராவை நான் கண்டதில்லை. உங்களுடையது மெல்ல மெல்ல வந்த கதை. மெல்ல வருகிற வீக்கத்துக்குக் காரணங்கள் வேறு.

கொழுப்பா என்ற சந்தேகத்தையும் கையாலேயே தீர்க்கலாம். வெள்ளச்சியின் நெஞ்சின் நடுவே ஓடும் எலும்பைத் தடவிப் பாருங்கள். நன்றாகத் தின்று கொழுத்த தாராவுக்கு அந்த எலும்பு இரண்டு பக்கச் சதைக்கும் நடுவில் புதைந்து கிடக்கும். கத்தி முதுகு மாதிரிக் கூராகத் தட்டுப்பட்டால், சதை கரைந்து போயிருக்கிறது என்று அர்த்தம். தராசு சொல்வதை இந்த இடத்தில் நம்பாதீர்கள். நெஞ்சில் குறைந்த நிறையை வயிற்றில் சேர்ந்த நீர் ஈடுகட்டிவிடும், தராசு முள் அசையாது. "நிறை குறையவில்லை, ஆனபடியால் சுகமாக இருக்கிறது" என்று நினைத்திருந்தவர்கள் நெஞ்செலும்பைத் தொட்டதும் முகம் மாறியதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வயிறு. இதற்கு ஒரு ஆள் துணை வேண்டும். தாராவை ஒருபோதும் மல்லாக்கக் கிடத்தாதீர்கள். நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் இருக்கிறது, பறவைக்கு அப்படி ஒரு தடுப்புச் சுவர் இல்லை. வயிற்றில் நீர் இருந்தால், மல்லாத்திய உடனே அது மூச்சுப் பைகள் மேல் சாய்ந்து நெரிக்கும். கையிலேயே உயிர் போகலாம். நின்றபடியோ, உங்கள் கைக்குள் நெஞ்சு படிந்தபடியோ பிடித்து, மற்றவர் கீழிருந்து உள்ளங்கையால் ஏந்திப் பார்க்கட்டும். அழுத்த வேண்டாம், ஏந்தினால் போதும்.

நீர் நிறைந்த வயிறு தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மெல்லத் தட்டினால் மறு பக்கத்துக் கையில் அலை வந்து தொடும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வீங்கியிருக்கும். இரவில் அறையை இருட்டாக்கி, வயிற்றின் கீழ்ப்பக்கத்து இறகை ஈரத் துணியால் ஒதுக்கி, தோல் தெரியும் இடத்தில் டோர்ச் லைட்டை ஒட்டிப் பிடியுங்கள். தெளிந்த நீர் என்றால் விளக்கேற்றிய கூடு மாதிரி அந்தப் பக்கம் முழுக்கச் சிவந்து ஒளிரும். சதையோ கட்டியோ என்றால் வெளிச்சம் அப்படியே நின்றுவிடும். குழம்பிய நீரும் ஒளியை மறிக்கலாம், ஆகையால் ஒளிராததை மட்டும் வைத்து நீர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

குடலிறக்கம் கைக்கு வேறு மாதிரி. இரண்டு வருடம் ஓயாமல் முட்டையிட்ட தாராவுக்கு வயிற்றுச் சதை தளர்ந்து, ஓரிடத்தில் பிளந்து, குடலோ முட்டைக்குழாயோ தோலுக்கு அடியில் பையாக இறங்கிவிடும். பை பெரும்பாலும் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கமாகத் தொங்கும். தொட்டால் மெத்தென்று, உள்ளே ஏதோ வழுக்கி ஓடுவது போல இருக்கும், சில வேளை குடுகுடுவென்று சத்தம் கேட்கும். பின்பக்கத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்தால் பை சுருங்கும். தீன் தின்ற பிறகு பெருத்து, காலையில் வெறும் வயிற்றில் சிறுத்திருந்தால் இந்தச் சந்தேகம் பலக்கும். இதோடு வருடக் கணக்கில் வாழும் தாராக்கள் உண்டு. ஆனால் அந்தப் பை திடீரென்று கல்லாக இறுகி, சூடாகி, தோல் கறுத்து, தாரா தீனை விட்டால் குடல் நெரிபட்டிருக்கிறது. அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, கட்டி. பிசைந்த மா உருண்டை மாதிரியோ, அதைவிடக் கெட்டியாகவோ ஒன்று தட்டுப்படும். புற்றாகவும் இருக்கலாம். முட்டைக்குழாயில் அழற்சி வந்து, மஞ்சட்கருவும் சீழும் அடுக்கடுக்காகப் பாலாடைக்கட்டி போல உறைந்து நிற்பதாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது விஷயம்தான் "முட்டை அடைப்பு" என்ற பேச்சுக்குக் கொஞ்சமாவது கிட்ட வருவது. இது கிழமைக் கணக்கில் நிற்கக் கூடியது. அதையும் உருவி எடுக்க முடியாது.

தோலுக்கு அடியில் காற்றுப் புகுந்து ஊதுவதும் உண்டு. நாய் கடித்த பிறகு அப்படி வரும், தொட்டால் பப்படம் நொறுங்குவது போல இருக்கும். உங்கள் கதையில் நாய் இல்லை, விட்டுவிடுவோம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால் என் முதல் சந்தேகம் நீர், இரண்டாவது குடலிறக்கம். அது நீராகவே இருந்தாலும், நீர் என்பது நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அதுவும் ஒரு அடையாளம்தான். நீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அந்தத் தேடலை வீட்டிலேயே தொடங்க ஒரு வழி இருக்கிறது, பழைய ஆட்கள் முட்டைத் தாராவைத் தெரிந்தெடுக்கக் கையாளும் வழிதான்.

மலவாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். முட்டையிடும் காலத்தில் இரண்டு மூன்று விரல் அகலம் விரிந்திருக்கும். முட்டை நின்ற தாராவுக்கு ஒரு விரல் அளவுக்கு ஒடுங்கிவிடும். வெள்ளச்சி இரண்டு மாதமாக முட்டையிடவில்லை. அப்படியென்றால் ஒடுங்கியிருக்க வேண்டும். ஒடுங்கியிருந்தால் முட்டைப்பை அமைதியாக இருக்கிறது, நீருக்குக் காரணத்தை ஈரலிலும் இதயத்திலும் தேடுவது நியாயம். விரிந்தே இருந்தால், உடம்பு இன்னும் முட்டைக் காலத்தில்தான் இருக்கிறது. அப்போது முட்டை எங்கே போகிறது?

உள்ளே போகிறது. பெட்டைத் தாராவுக்குப் பொதுவாக இடப் பக்கத்து முட்டைப்பைதான் வேலை செய்யும். அதிலிருந்து கழன்று விழும் மஞ்சட்கருவை முட்டைக்குழாயின் புனல் போன்ற வாய் ஏந்திக்கொள்ள வேண்டும். அது தவறினால் மஞ்சட்கரு வயிற்றுக்குள் விழும். ஒன்றிரண்டை உடம்பே உறிஞ்சிவிடும். தொடர்ந்து விழுந்து, அதோடு கிருமியும் சேர்ந்தால் உள்ளே அழற்சி, நீர், வீக்கம். வெளியே பார்க்கிறவருக்கு "முட்டை நின்றுவிட்டது". உண்மையில் நிற்கவேயில்லை. ஓயாமல் முட்டையிட்ட தாரா, சட்டென்று நின்ற முட்டை, அதன் பின் இறங்கிய வயிறு என்ற வரிசையைப் பார்க்க எனக்கு இந்தப் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் விரல் அளவு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

ஈரல் பக்கமும் லேசாக விடுகிற விஷயமில்லை, அதுவும் நம் ஊரில். புண்ணாக்கு, தவிடு, சோளம் எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஐப்பசி முதல் தை வரை மாரி மழையில் சீமெந்து நிலத்தில் சாக்கைக் கிடத்தி வைத்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் சுரக்கிற அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தின்னும். கோழியைவிடத் தாராவுக்கு இது பல மடங்கு கொடியது. இந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே பறவைகள் செத்ததால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தாராக் குஞ்சுகளும் செத்தன. காரணத்தைத் தேடிய தேடல் கடைசியில் பிரேசிலில் இருந்து வந்த கச்சான் (நிலக்கடலை) புண்ணாக்கில் போய் முடிந்தது. அதன் பிறகு தீனில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே தாராக் குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவு சீக்கிரம் அவற்றின் ஈரல் காட்டிக் கொடுத்துவிடும். பூஞ்சணம் பிடித்த தீனைக் காய்ச்சிக் கொடுத்தால் சரி என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். சமையல் சூட்டுக்கு அந்த நஞ்சு அழியாது. மேலே படிந்ததைத் தட்டிவிட்டு வெயிலில் காயப் போட்டாலும் உள்ளே ஊறியது நிற்கும். கொட்டிப் புதைப்பதைத் தவிர வழியில்லை.

வெள்ளைப் பெரிய இனத் தாராக்களுக்கு இன்னொரு ஈரல் நோயும் உண்டு. அமிலோயிட் என்ற ஒரு வகைப் புரதம் ஈரலில் படிந்து, ஈரல் பெருத்துக் கெட்டியாகி, நீர் கோக்கும். உடம்பில் எங்கோ நெடுநாள் ஆறாத அழற்சி இருந்தால் இது வரும். அதனால் வெள்ளச்சியின் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கறுத்த பொருக்கோடு வீங்கிய புண் இருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வயிற்றுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

கடற்கரைப் பக்கம் என்பதால் இரண்டு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. கருவாடு கழுவிய தண்ணீர், உப்பு மீன் கழிவு கொடுக்கிறீர்களா? உப்பு மிஞ்சினால் பறவைக்கு உடம்பில் நீர் கோக்கும், குஞ்சுகளுக்கு இன்னும் மோசம். மற்றது, வலை, தூண்டில் சாமான் வளவில் கிடக்கிறதா? தாரா மின்னுகிற எதையும் விழுங்கும். ஆணி, கம்பித்துண்டு, தூண்டில் முள், எல்லாவற்றிலும் கெட்டது ஈயக்குண்டு. ஈயம் வயிற்றை நிலம் தொட இறக்காது. அதன் அடையாளம் கடும் பச்சை எச்சம், தள்ளாடும் கால், தொங்கும் செட்டை. வெள்ளச்சிக்கு அது இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் எக்ஸ்ரே எடுக்கும் நாளில் இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டாவது தரம் காசு கொடுக்க வேண்டாம்.

எச்சத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஒரு இரவு வெள்ளைத் துணியில் படுக்க வையுங்கள். எச்சத்தில் சுண்ணாம்பு மாதிரி இருக்கும் பாகம் வெள்ளையாக இருக்க வேண்டும். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் ஈரலின் மேல் சந்தேகம் கூடும். கறுப்புத் தார் மாதிரி என்றால் உள்ளே இரத்தம் கசிகிறது. புல்லும் கீரையும் மேய்ந்த தாராவின் எச்சம் பச்சையாகத்தான் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மூச்சையும் பாருங்கள், ஆனால் விடியற்காலையில். நம் ஊர் மத்தியான வெயிலில் சுகமான தாராவும் வாயைத் திறந்துதான் மூச்சு வாங்கும். விடிகாலைக் குளிரிலும் வாய் திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஆடினால் நீர் நெஞ்சை நெரிக்கிறது. அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இனி வைத்தியம். உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு முதலில் போங்கள். மாடும் ஆடும் கோழியுமே பெரும்பாலும் வரும் இடம். ஒரு வீட்டுத் தாராவைத் தூக்கிக்கொண்டு போனால் வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் சிரிப்பார்கள். பரவாயில்லை. எக்ஸ்ரே, ஸ்கான் தேவைப்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக நீண்ட பயணம், மூச்சு முட்டுகிற தாராவுக்கு அது பாரம். ஆகையால் இங்கேயே கொஞ்சம் நீரை எடுத்து மூச்சை இலகுவாக்கிவிட்டுப் போவது நல்லதா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

அந்த நீரின் நிறம்தான் பாதிப் பதில். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் ஈரல் அல்லது இதயம். மஞ்சளாகக் குழம்பி, துணுக்குத் துணுக்காக வந்தால் உள்ளே விழுந்த மஞ்சட்கரு. இரத்தமாக வந்தால் புற்றோ, உள்ளே ஏதும் கிழிந்ததோ. ஊசியை எங்கே குத்துவது என்பது தெரிந்தவர் வேலை, குடலும் இரைப்பையும் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லா நீரையும் ஒரே தடவையில் எடுக்கவும் மாட்டார்கள், சட்டென்று அழுத்தம் குறைந்தால் தாரா மயங்கி விழும். வீடியோ பார்த்துவிட்டு ஊசி வாங்கி வந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அந்தக் கதை வேண்டாம்.

உள்ளே முட்டை விழுகிற நோய்தான் என்றால் கிருமிக்கும் வலிக்கும் மருந்து தருவார்கள், முட்டையை நிறுத்தவும் சொல்வார்கள். வெளிநாட்டு ஆட்கள் எழுதுவதைப் படித்தால், மாரி வந்து பகல் குறுகும்போது தாரா தானாகவே ஓயும் என்று இருக்கும். அது அவர்கள் நாட்டுக்குச் சரி. திருகோணமலையில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணித்தியாலம் அளவே வித்தியாசம், தாராவுக்கு அது தெரியவே தெரியாது. நாமாகத்தான் இரவை நீட்ட வேண்டும்: பின்னேரம் நாலு மணிக்குக் காற்றோட்டமுள்ள இருட்டுக் கூட்டுக்குள் விட்டு, காலை எட்டு மணிக்குத் திறந்துவிடுங்கள். இந்தப் பழக்கம் கிழமைக் கணக்கில் தொடர வேண்டும், இரண்டு நாள் செய்துவிட்டு விடக் கூடாது. வெளிச்சத்தில் இருக்கும் நேரத்துக்குள் தீனும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். முட்டைக் கோழித் தீனை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, சாதாரணத் தீனோடு கீரை கொடுங்கள்.

ஈரல் நோய் என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நீரை எடுத்தாலும் திரும்ப வரும். எத்தனை தரம் எடுப்பது, எப்போது போதும் என்பதை நீங்களும் வைத்தியரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக் கூடியது கொஞ்சம்தான். நிலத்தில் உரசி வயிற்றுத் தோல் புண்ணாகும், ஆகவே சீமெந்தில் விடாமல் வைக்கோல் தடிப்பாகப் போட்டு வையுங்கள். ஆழமான தொட்டி வேண்டாம், தலையை முக்கிக் கழுவக் கூடிய அளவு பேசினில் தண்ணீர் போதும். ஆண் தாரா இருந்தால் பிரித்து வையுங்கள். பனடோல், மனிதர் குடிக்கும் வலி மாத்திரை எதுவும் வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருத்துவது முட்டை அடைப்புக்கு உதவும், வெள்ளச்சிக்கு அதனால் பெரிய பலன் இல்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கொண்டு போகலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், அங்கே ஏழு கிணற்றிலும் மனிதர்களுக்கே இடமில்லை. தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம். மருந்து தொடங்கிய பிறகு ஒருவேளை முட்டையிட்டால், எத்தனை நாள் அதைச் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டு வையுங்கள்.

வைத்தியரிடம் போகும் நாளில் வெயிலுக்கு முன் புறப்படுங்கள். காட்போட் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் துவாய் விரித்து, தாரா நின்றபடியோ குந்தியபடியோ வரட்டும், மடியில் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். அன்று காலை விழுந்த எச்சத்தை யோகட் கோப்பை ஒன்றில் மூடி எடுத்துக்கொள்ளுங்கள். தீன் சாக்கின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி ஒரு பையில் கட்டிக்கொள்ளுங்கள். மேலே இருப்பதை இல்லை, அடியில் கிடப்பதை. விரல் அளவையும் டோர்ச் வெளிச்சத்தில் கண்டதையும் எனக்கும் ஒருக்கால் எழுதுங்கள்.